வெக்டர் கால்குலஸும் மின்காந்தவியலும் ஒரே தாளில்: சேரலாமா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டிருப்பவர் இயற்பியல் இளங்கலை முதலாண்டு முடித்தவர். இரண்டாம் ஆண்டில் அவருக்கு இரண்டு வழி இருக்கிறது. வெக்டர் கால்குலஸை (அளவும் திசையும் உள்ள புலங்களுக்கான நுண்கணிதத்தை) துணைப்பாடக் கணிதத்திலும் மின்காந்தவியலைத் தனித் தாளாகவும் படிக்கலாம். அல்லது, கணிதத் துறை ஆசிரியர் ஒருவரும் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் ஒரே பெரிய தாளாக எடுக்கலாம். சீனியர்கள் "ரிஸ்க் வேண்டாம், தனித்தனியாகவே எடு" என்கிறார்களாம். எது நல்லது, சேர்ந்தால் எப்படித் தயாராவது என்று கேட்கிறார்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுச் சேருங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் படித்தபோது இப்படி ஒரு வழியே கிடையாது. முதல் செமஸ்டரில் கணிதத் துறையிலிருந்து ஒருவர் வந்து வெக்டர் கால்குலஸ் நடத்துவார். மின்காந்தவியல் நான்காம் செமஸ்டரில். இடையில் ஒரு வருஷத்துக்கு மேல். முதல் செமஸ்டர் பரீட்சையில் ஒரு பெரிய கேள்வி வந்தே தீரும்: கனசதுரத்துக்கு காஸ் டைவர்ஜென்ஸ் தேற்றத்தைச் சரிபார்க்க. வெக்டரின் மூன்று கூறுகள்கூட எனக்கு இன்னும் மனப்பாடம்: 4எக்ஸ்இசட், கழித்தல் ஒய்-வர்க்கம், ஒய்இசட். பக்கங்கள் பூஜ்யத்திலிருந்து 1 வரை. ஆறு முகங்களுக்கு ஆறு தொகையீடு. மூன்று முகங்களில் பூஜ்யம் வரும். மீதி மூன்றில் 2, கழித்தல் 1, அரை. கூட்டினால் 3/2. அப்புறம் டைவர்ஜென்ஸ் கண்டுபிடித்துக் கன அளவுக்குத் தொகையிட்டால் அதுவும் 3/2. "எனவே தேற்றம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. முழு மதிப்பெண்.

அந்த 3/2 என்ன என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. நான்காம் செமஸ்டரில் இயற்பியல் ஆசிரியர் மின்னூட்டமே மின்புலத்தின் ஊற்று என்று சொல்லும் காஸ் விதியின் வகையீட்டு வடிவத்தைப் பலகையில் எழுதி, "இதெல்லாம் உங்களுக்குக் கணிதத்திலேயே ஆகிவிட்டது" என்று கடந்துபோனார். கணித ஆசிரியரோ, "இதன் பயனை இயற்பியலில் பார்ப்பீர்கள்" என்று முன்பே கைகழுவியிருந்தார். இரண்டு பேருமே நல்ல ஆசிரியர்கள்தான். பாடம் மட்டும் இருவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

அதே கணக்கைச் சேர்ந்த வகுப்பில் எப்படிப் பார்க்கலாம் என்று காட்டுகிறேன். அந்த வெக்டரைத் தண்ணீரின் ஓட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். கனசதுரம் ஒரு கற்பனைப் பெட்டி. தண்ணீர் அதன் சுவர்களைத் தாண்டிப் போய்வரும். ஒரு முகம் வழியாக 2 பங்கு வெளியே போகிறது, இன்னொன்றின் வழியாக 1 பங்கு உள்ளே வருகிறது, மேல்முகம் வழியாக அரைப் பங்கு வெளியேறுகிறது. வந்ததைவிடப் போனது ஒன்றரைப் பங்கு அதிகம். அப்படியானால் பெட்டிக்குள் எங்கோ ஊற்று இருக்க வேண்டும். எங்கே? டைவர்ஜென்ஸ் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் ஊற்று எவ்வளவு என்று சொல்லும் அளவு. இங்கே அது 4இசட் கழித்தல் ஒய். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தரையை ஒட்டிய ஒரு மெல்லிய ஆப்பு வடிவப் பகுதியில் இது எதிர்மம். அங்கே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. மற்ற இடமெல்லாம் ஊற்று, மேலே போகப்போகப் பெருகுகிறது. டைவர்ஜென்ஸ் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: ஊற்றுகளை ஒவ்வொன்றாக உள்ளே போய் எண்ணினாலும் சரி, வாசலில் உட்கார்ந்து போக்குவரத்தைக் கணக்கெடுத்தாலும் சரி, விடை ஒன்றே.

சரி, இப்போது இயற்பியல் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வெக்டர் ஒரு நிலைமின்புலமாக இருக்க முடியுமா? கர்ல், அதாவது புலத்தின் சுழற்சி அளவு, கண்டுபிடித்துப் பாருங்கள். இசட், 4எக்ஸ், பூஜ்யம் என்று வரும். பூஜ்யம் இல்லை. ஆக, முடியவே முடியாது. நிலையாக நிற்கும் மின்னூட்டங்கள் இப்படி ஒரு புலத்தை உண்டாக்க வழியில்லை. உண்டாக்கினால், ஒரு மின்னூட்டத்தைச் சரியான பாதையில் சுற்றிச்சுற்றிக் கொண்டுவந்தே ஆற்றல் எடுத்துக்கொண்டிருக்கலாம், மின்வாரியமே தேவைப்படாது. நான் எத்தனையோ முறை போட்ட கணக்கு அது. அந்தப் புலத்துக்கு மின்னழுத்தம் என்று ஒன்று எழுத முடியாது என்பது பல வருடம் கழித்து, ஒரு மாணவிக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

சேர்ந்த தாளின் லாபம் இதுதான். இயற்பியல் ஒரு படம் தரும். அந்தப் படம் எங்கே ஏமாற்றும் என்று கணிதம் காட்டும். இரண்டாவது பாதியை மாணவர்கள் பலரும் மறந்துவிடுவார்கள், ஆகவே அதையே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

கர்ல் என்றால் சுழற்சி என்று எல்லோரும் படிக்கிறோம். ஒரு வாய்க்காலில் தண்ணீர் நேராக ஓடுகிறது. நடுவில் வேகம், கரையோரம் மெதுவு. ஒரு தென்னங்குரும்பையில் நான்கு ஈர்க்குச்சியைச் செருகிக் கரையோரமாக மிதக்க விடுங்கள். தண்ணீர் நேராக ஓடினாலும் குரும்பை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும், ஏனென்றால் நடு வாய்க்கால் பக்கம் இருக்கும் ஈர்க்குச்சியை வேகமான நீர் தள்ளுகிறது. எதிர்க்கரையில் விட்டால் எதிர்த்திசையில் சுற்றும். சரியாக நடுவில் விட்டால் சுற்றாது. ஆக நேரான ஓட்டத்துக்கும் கர்ல் உண்டு.

இதற்கு நேர்மாறானது, மின்னோட்டம் பாயும் ஒரு நீளக் கம்பியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம். கோடுகள் வட்டம் வட்டமாக இருக்கின்றன. பார்த்தவுடன் 'கர்ல் இருக்கிறது' என்று கை தூக்குவீர்கள். கணக்குப் போட்டால் கம்பிக்கு வெளியே எல்லா இடத்திலும் பூஜ்யம்! அப்படி ஓடும் தண்ணீர் ஒன்று இருந்தால், நம் குரும்பை கம்பியை வலம் வரும், ஆனால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்குக் கோட்டுத் தொகையீடு போட்டாலும் பூஜ்யம்தானே வர வேண்டும்? வராது. கம்பியை உள்ளடக்கிய எந்தச் சுற்றுக்கும் மியூ-நாட் என்ற மாறிலி பெருக்கல் மின்னோட்டம் வரும்; இதுதான் ஆம்பியர் விதி. கர்ல் முழுவதும் கம்பிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கணிதக்காரர்கள் 'ஆட்களத்தில் (புலம் வரையறுக்கப்பட்ட பகுதியில்) ஓட்டை இருந்தால் கவனம்' என்று ஒரு நிபந்தனையைத் தேற்றத்தின் வாலில் ஒட்டிவைப்பார்கள். மாணவர்கள் அதைப் பரீட்சைக்கு மட்டும் எழுதுவார்கள். அந்த ஓட்டைதான் ஆம்பியர் விதி.

புள்ளி மின்னூட்டத்திலும் இதே கதை. அதன் மின்புலத்துக்கு டைவர்ஜென்ஸ் போட்டால் பூஜ்யம். சுற்றி ஒரு கோளம் வரைந்து பாயத்தை (பரப்பு வழியே மொத்தம் வெளியேறுவதை) கணக்கிட்டால் பூஜ்யம் இல்லை. தேற்றம் பொய்யா? இல்லை. மையத்தில் புலமே வரையறை இல்லாமல் போகிறது, மின்னூட்டம் முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சரியாக எழுத, எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதைக் குறிக்கும் டிராக் டெல்டா சார்பு வேண்டும். தனித்தனியாகப் படித்தால், டைவர்ஜென்ஸ் பூஜ்யம் என்பது கணித நோட்டிலும் பாயம் பூஜ்யமல்ல என்பது இயற்பியல் நோட்டிலும் இருக்கும். இரண்டும் சந்திக்காது. ஆகவே சந்தேகமும் வராது.

கிரேடியன்ட், அதாவது மிகச் செங்குத்தாக ஏறும் திசையும் அதன் சரிவும், பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் அது கஷ்டமில்லை. கொல்லிமலைக்கு ஏன் எழுபது கொண்டை ஊசி வளைவு? நேராக கிரேடியன்ட் திசையில் ஏற எந்தப் பேருந்தாலும் முடியாது. அவ்வளவுதான்.

வரலாற்றைப் பார்த்தால், இவை இரண்டு பாடமாக ஆனதே பிற்பாடு நடந்த விபத்து. ஜார்ஜ் கிரீன் நாட்டிங்ஹாமில் அப்பாவின் மாவரைக்கும் காற்றாலையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போனது ஒரு வருடம் போல. அவர் 1828-ல் சொந்தமாக அச்சிட்ட கட்டுரை மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றியது. அவர் பெயரில் நாம் படிக்கும் தேற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு சுற்றின் கோட்டுத் தொகையீட்டை அது சூழும் பரப்பிலுள்ள கர்லோடு இணைப்பது ஸ்டோக்ஸ் தேற்றம். அது ஸ்டோக்ஸுக்குத் தெரியவந்தது 1850-ல் கெல்வின் எழுதிய ஒரு கடிதத்தில். 1854-ல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வுக்கு ஸ்டோக்ஸ் அதையே ஒரு கேள்வியாகப் போட்டார். அந்தப் பரீட்சை எழுதியவர்களில் ஒருவர் மேக்ஸ்வெல். வினாத்தாளில் பார்த்த ஒன்று பிறகு ஒருவருக்கு இந்த அளவு பயன்பட்டதாக வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

மேக்ஸ்வெல் 1865-ல் தன் மின்காந்தக் கோட்பாட்டை வெளியிட்டபோது அதில் இருபது சமன்பாடுகள். இன்று பனியன்களில் அச்சடிக்கும் நான்காக அதைச் சுருக்கியவர் ஹெவிசைட்; பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தி வேலைக்குப் போனவர். அதே சமயத்தில் அமெரிக்காவில் கிப்ஸும் தனியாக இதே வெக்டர் முறையைக் கட்டினார். யேல் பல்கலைக்கழகத்தில் 1879-ல் அவர் நடத்திய வகுப்பு வெக்டர் பகுப்பாய்வும் மின்சாரம், காந்தத்தில் அதன் பயன்பாடும். அதாவது உங்கள் கல்லூரி புதுமை என்று அறிவிக்கும் தாள், இந்தப் பாடம் பிறந்தபோதே இருந்த வடிவம். இன்னொரு சின்ன விஷயம்: கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் எழுதப் பயன்படும் தலைகீழ் முக்கோணக் குறிக்கு 'நாப்ளா' என்று பெயர். அது ஒரு பழங்கால நரம்புக் கருவியின் பெயர். நம் யாழுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். நான் வகுப்பில் யாழ் என்றே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

இரண்டும் சேர்வதன் உச்சம் இடப்பெயர்ச்சி மின்னோட்டம். டீக்கடையில் தேநீர் வடிக்கும் துணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள்: கம்பி வளையம், அதில் தைத்த துணி. ஸ்டோக்ஸ் தேற்றப்படி வளையம் ஒன்றாக இருந்தால் போதும், துணி இறுக்கித் தட்டையாக இருந்தாலும் தொங்கினாலும் கணக்கு மாறக்கூடாது. இப்போது ஒரு மின்தேக்கிக்கு மின்னூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. வளையத்தைக் கம்பியைச் சுற்றிப் பிடியுங்கள். துணி தட்டையாக இருந்தால் கம்பி அதைக் குத்திக்கொண்டு போகிறது, மின்னோட்டம் உண்டு. துணியைத் தொங்கவிட்டு, அதன் அடிப்பாகம் மின்தேக்கியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வரும்படி இழுத்துவிடுங்கள். இப்போது துணியை எந்தக் கம்பியும் குத்தவில்லை, மின்னோட்டம் பூஜ்யம். ஒரே வளையம், இரண்டு விடை.

இதே முரண்பாட்டைக் கணிதம் ஒரு வரியில் சொல்லும்: எந்தப் புலத்தின் கர்லுக்கும் டைவர்ஜென்ஸ் பூஜ்யம். ஆனால் தகட்டில் மின்னூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போது மின்னோட்ட அடர்த்தியின் டைவர்ஜென்ஸ் பூஜ்யம் அல்ல. பழைய ஆம்பியர் விதியோ, ஒரு மாறிலியைத் தவிர, காந்தப்புலத்தின் கர்லும் மின்னோட்ட அடர்த்தியும் சமம் என்கிறது. எனவே அதில் ஒரு உறுப்பு குறைகிறது. மாறும் மின்புலத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்; அந்த உறுப்புதான் இடப்பெயர்ச்சி மின்னோட்டம். சேர்த்த பிறகு, கர்லுக்கு மறுபடி கர்ல் எடுக்கும் முற்றொருமை ஒன்றைப் போட்டால் அலைச் சமன்பாடு வந்து நிற்கிறது, வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். வெளிச்சத்தின் வேகம். அந்த முற்றொருமையை நான் முதல் செமஸ்டரில் 'நிறுவுக' என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியாக நிறுவியிருக்கிறேன். என்ன நிறுவினோம் என்று தெரியாமலேயே.

இனி சீனியர்கள் சொல்லும் ரிஸ்க். அது பொய் இல்லை. பெரிய தாளில் தவறினால் அரியரும் பெரிதாகத்தான் இருக்கும். கணிதம் ஒரு வாரம் பின்தங்கினால் இயற்பியலும் அதோடு நிற்கும். இன்னொன்றும் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள்: இயற்பியல் பகுதியைக் கணிதமே இல்லாமல் ஓட்டிவிட முடியும். கோளம், நீண்ட உருளை, எல்லையற்ற தகடு என்று சமச்சீர் உள்ள கணக்குகளில் மின்புலத்தைத் தொகையீட்டுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் பரப்பளவால் பெருக்கினால் விடை வரும். பள்ளியிலேயே இதைச் செய்தாயிற்று. செமஸ்டர் முழுக்க இதே பழக்கத்தில் போனால் நீங்கள் எடுத்தது சேர்ந்த தாள் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பின் மறுபதிப்பு.

அதனால்தான் பாடத்திட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டு அலகு முழுக்க வெக்டர் கால்குலஸ், அடுத்த மூன்று மின்காந்தவியல் என்று இருந்தால், அது இரண்டு தாளை ஸ்டேப்லர் போட்டு இணைத்தது. தனித்தனியாக எடுப்பதே மேல், மூச்சு விட இடைவெளியாவது கிடைக்கும். கிரேடியன்ட் வரும் இடத்தில் மின்னழுத்தம், பரப்புத் தொகையீட்டோடு காஸ் விதி, கோட்டுத் தொகையீட்டோடு வேலை, கர்ல் வந்தவுடன் ஆம்பியர், கடைசியில் முற்றொருமைகளும் மேக்ஸ்வெலும் என்று பின்னியிருந்தால் யோசிக்காமல் சேருங்கள். தேர்வுக் கேள்விகளும் அப்படிக் கலந்து வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், அதன் இயற்பியல் தாளில் இரண்டு பகுதியும் எப்படியும் உண்டு.

தயாரிப்புக்கு விடுமுறையில் மூன்று வாரம் போதும் என்பது என் அனுபவம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வெக்டர் இயற்கணிதமும் பகுதி வகைக்கெழுவும் படித்திருப்பீர்கள். அதைத் தூசி தட்டுங்கள். அங்கே இல்லாதது இரட்டைத் தொகையீடு. மாணவர்கள் உண்மையில் தடுக்கி விழுவது அங்கேதான், கர்லில் இல்லை. எல்லைகள் மாறிலியாக இல்லாமல் ஒய்-யின் எல்லை எக்ஸைச் சார்ந்து வரும் கணக்குகளை, படம் வரைந்து, ஒரு ஐம்பதாவது போடுங்கள். வரிசையை மாற்றித் தொகையிடவும் பழகுங்கள். ஒரு முக்கோணப் பகுதிக்கு எல்லை எழுதத் திணறுகிறவர், சேர்ந்த தாளில் இரண்டாம் மாதம் கண்டிப்பாக மூச்சு வாங்குவார். அவருக்கு மட்டும் நான் தனித்தனி வழியைச் சொல்வேன்.

வகுப்பு தொடங்கிய பிறகு ஒரே நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கணிதம், வலப்பக்கம் அதே விஷயத்தின் இயற்பியல். வலப்பக்கம் காலியாக இருந்தால் அடுத்த வகுப்பில் கேட்க ஒரு கேள்வி தயார் என்று அர்த்தம்.

திசைகளில் அவசரப்படாதீர்கள். மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்னும் பாரடே விதியின் கழித்தல் குறி, சுற்றும் திசையையும் பரப்பின் செங்குத்துத் திசையையும் வலக்கை விதிப்படி இணைத்த பிறகுதான் அர்த்தம் பெறும். கணித வழக்கப்படி, தலை செங்குத்துத் திசையில் இருக்க எல்லையோரம் நடந்தால் பரப்பு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கோயிலில் நாம் வலம் வருகிறோம். சந்நிதி வலக்கைப் பக்கம். அப்படியானால் அந்தச் சுற்றுக்குச் செங்குத்து கோபுரத்தைப் பார்த்து மேலே போகாது, தரைக்குள் போகும். ஒரு தடவை பிரகாரத்தில் கட்டைவிரலை நீட்டிப் பாருங்கள், மறக்காது. யாராவது விசித்திரமாகப் பார்த்தால் நான் பொறுப்பில்லை.

புத்தகங்களில், கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல் புத்தகத்தின் முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர் கால்குலஸ்தான். அதைத் தொடக்கத்திலேயே ஒரே மூச்சில் படிக்காமல் வகுப்பு போகும் வேகத்தில் பிரித்துப் படியுங்கள். ஃபைன்மன் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதி கால்டெக் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள் உங்கள் தாளுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஆனால் கணக்குப் போட அது உதவாது. கணக்குக்கு உங்கள் துணைப்பாடக் கணிதப் புத்தகமே போதும், ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 'இது என்ன புலம்?' என்று ஒரு வரி எழுதினால்.

கடைசியாக ஒன்று, சின்னதுதான், ஆனால் மதிப்பெண்ணைத் தின்னும். கோள ஆயங்களில் இயற்பியல் புத்தகங்கள் செங்குத்து அச்சிலிருந்து அளக்கும் கோணத்தைத் தீட்டா என்கின்றன, சுற்றிவரும் கோணத்தை ஃபை என்கின்றன. கணிதப் புத்தகங்கள் பலவற்றில் இது அப்படியே தலைகீழ். இரண்டு ஆசிரியர், ஒரே தாள், ஒரே எழுத்துக்கு இரண்டு அர்த்தம். முதல் வாரத்திலேயே இருவரும் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து எழுந்து கேட்டுவிடுங்கள்: "ஐயா, விடைத்தாளில் தீட்டா எந்தக் கோணம்?"